மாலையைக் கழற்றிய பிறகு

வாசகர் கேள்வி - பதில்

குடியை விட்டவர்களும், விட முயல்பவர்களும், அவர்களுடைய வீட்டாரும் எழுதிய கடிதங்களில் வழிபாட்டையும் தன்னாய்வையும் பற்றியவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் குறிப்பிடுகிறேன்.

கேள்வி: நான் கொத்தனார் வேலை செய்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போடுவேன். அந்த 41 நாளும் ஒரு சொட்டுக்கூடத் தொடமாட்டேன். தொடவேண்டும் என்ற எண்ணமே வராது. மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றினால் ஒரு வாரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிடுகிறேன். இப்போது மறுவாழ்வு மையத்தில் சிகிச்சை முடித்து வீட்டுக்கு வந்திருக்கிறேன். தினமும் காலையில் பிரார்த்தனையும் இரவில் தன்னாய்வும் செய்யுமாறு அங்கே சொல்லி அனுப்பினார்கள். சாமி மாலையே என்னைக் காப்பாற்றாதபோது ஐந்து நிமிடப் பிரார்த்தனை என்ன செய்துவிடும்?
- ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: மாலை உங்களைக் காப்பாற்றவில்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். ஆண்டுதோறும் 41 நாள் அது உங்களைக் காப்பாற்றியிருக்கிறது. அந்த நாள்களில் எவையெல்லாம் உங்களைத் தாங்கின என்று எண்ணிப் பாருங்கள். விடியுமுன் எழுந்து குளிக்கிறீர்கள். இரு வேளையும் சரணம் சொல்கிறீர்கள். மேஸ்திரி முதல் டீக்கடைக்காரர் வரை எல்லோரும் உங்களைச் ‘சாமி’ என்று அழைக்கிறார்கள். சனிக்கிழமை கூலி வாங்கிய கையோடு கட்டிங் போடக் கூப்பிடும் கூட்டாளிகள், கழுத்தில் மாலை கிடப்பதைப் பார்த்து ஒதுங்கிக்கொள்கிறார்கள். நீங்கள் வழக்கமாகக் குடிக்கும் அந்திப் பொழுதில் குருசாமி வீட்டில் பஜனை இருக்கிறது. அந்த நேரத்துக்குப் போவதற்கு ஓர் இடமும், உடன் உட்கார ஆட்களும் கிடைத்துவிடுகிறார்கள். வீட்டுப் பெண்கள் உங்களுக்காகத் தனியாகச் சமைத்து, தங்கள் நாள் ஒழுங்கையே மாற்றிக்கொள்கிறார்கள். மலையிலிருந்து திரும்பிய அன்று மாலையோடு சேர்த்து இவ்வளவும் ஒரே நாளில் கழன்றுபோகின்றன. அதற்குப் பிறகு ஒரு வாரம் தாங்கினீர்கள் என்பதே எனக்குச் சற்று வியப்பாக இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. அந்த விரதத்துக்கு முடிவு நாள் ஒன்று இருக்கிறது. எந்த நாளோடு முடிகிறது என்பது மனத்துக்குத் தெரிந்திருப்பதால், உள்ளுக்குள் அது காத்துக்கொண்டிருக்கிறது. இதற்கு நேர்மாறாக, அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பன் வாசலில் நின்று ‘இனி வாழ்நாளில் தொடமாட்டேன்’ என்று சத்தியம் செய்பவர்களும் இருக்கிறார்கள். அதன் தீவிரத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் வாழ்நாள் முழுவதையும் ஒரே மூச்சில் சுமக்கப் புறப்படும் மனிதர், அடுத்த வாரமே ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணியைத் தாண்ட முடியாமல் தடுமாறுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். தினசரிப் பிரார்த்தனை இந்த இரண்டிலிருந்தும் வேறுபட்டது. அது இன்றைய ஒரு நாளைக்கு மட்டும் கேட்கிறது; நாளைக்கு நாளைக் காலையில் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறது.

உங்களுக்குச் சொல்லப்பட்ட முறை எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1935-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள ஆக்ரன் நகரில், குடியால் வாழ்க்கையைத் தொலைத்திருந்த பங்குச்சந்தைத் தொழிலர் பில் வில்சனும், அதே நிலையில் இருந்த அறுவை மருத்துவர் பாப் ஸ்மித்தும் சந்தித்துப் பேசியதிலிருந்து ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’, சுருக்கமாக ஏஏ, தொடங்கியது. அவர்கள் 1939-இல் எழுத்தில் வடித்த பன்னிரண்டு படிகளில் பத்தாவது படி, தன் செயல்களைத் தானே தொடர்ந்து கணக்குப் பார்த்து, தவறு கண்ட உடனே ஒப்புக்கொள்வது. பதினோராவது படி பிரார்த்தனையும் தியானமும். அந்தப் படியில் கேட்கச் சொல்லியிருப்பவை இரண்டே: இறைவனின் விருப்பம் எதுவென்று அறிவதும், அதைச் செய்து முடிக்கும் வலிமையும். கடன் தீரவேண்டும், மகளுக்கு வரன் அமையவேண்டும் என்ற வேண்டுதல்களுக்கு அதில் இடமில்லை. அவற்றை நீங்கள் தனியே கோயிலில் கேட்டுக்கொள்வதை யாரும் தடுக்கவும் இல்லை.

காலையில் குளித்துவிட்டு, கைபேசியைத் தொடுவதற்கு முன்பாக, உங்கள் வீட்டுச் சாமிபடத்தின் முன்னால் உட்காருங்கள். இன்று எந்த ஊரில் வேலை, உடன் வருபவர்கள் யார், இன்று கூலி நாளா, திரும்பும் வழியில் டாஸ்மாக் கடை இருக்கிறதா என்று அந்த நாளை ஒருமுறை மனத்துக்குள் நடந்து பாருங்கள். கடை திறப்பது பகல் 12 மணிக்கு, மூடுவது இரவு 10 மணிக்கு என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தப் பத்து மணி நேரத்தில் உங்களுக்கு ஆபத்தான ஒரு மணி நேரம் எது என்பது மட்டும் காலையிலேயே தெரிந்திருக்கவேண்டும். அதைத் தெரிந்துகொண்ட பிறகு, ‘இன்று ஒரு நாள் குடிக்காமல் இருக்க வலிமை கொடு’ என்று கேளுங்கள். உங்களுக்குப் பழகிய சரணத்தையே சொல்லிக் கேட்கலாம். ஏஏ கூட்டங்களில் சொல்லப்படும் பிரார்த்தனையையும் சேர்த்துக்கொள்ளலாம். மாற்ற முடியாதவற்றை ஏற்கும் அமைதியையும், மாற்றக்கூடியவற்றை மாற்றும் துணிவையும், இவ்விரண்டையும் பிரித்தறியும் தெளிவையும் அது கேட்கிறது. ரைன்ஹோல்ட் நீபூர் என்ற அமெரிக்க இறையியலாளர் இயற்றியது என்று கருதப்படும் அந்த வேண்டுதலை எந்தச் சமயத்தாரும் தயக்கமின்றிச் சொல்லமுடியும்.

இரவுப் பகுதியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். என் பார்வையில் அதற்கே மதிப்பு அதிகம். படுக்குமுன் ஒரு நோட்டில் நான்கு வரி எழுதுங்கள்: இன்று குடிக்கத் தோன்றியது எப்போது? அப்போது பசியாக இருந்தேனா, யார்மீதாவது கோபமாக இருந்தேனா, தனியாக இருந்தேனா, களைத்திருந்தேனா? அந்த எண்ணம் எப்படிக் கடந்துபோனது? யாரிடமாவது பொய் சொன்னேனா, மன்னிப்புக் கேட்கவேண்டிய கடன் யாருக்காவது இருக்கிறதா? இரண்டு வாரம் இப்படி எழுதினால், உங்களைக் குடிக்க வைப்பது எது என்பது உங்கள் கையெழுத்திலேயே கண்ணுக்குத் தெரியும். மதியச் சாப்பாடு தள்ளிப்போன நாள்களிலேயே அந்த எண்ணம் வந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, மூன்று மணிக்கு இரண்டு வாழைப்பழம் சாப்பிடத் தொடங்கியதில் நிம்மதி கண்டவர் ஒருவரை எனக்குத் தெரியும். சுவர் எழும்பி முடிந்தபின் கோணலைக் கண்டால் இடிக்கத்தான் வேண்டும் என்பதும், வரிசைக்கு வரிசை தூக்குக்குண்டு பிடித்தால் ஒரு செங்கல்லைத் தட்டிவிடுவதோடு முடியும் என்பதும் உங்கள் தொழிலில் உங்களுக்கே தெரிந்தவை.

ஆனால் பிரார்த்தனையை மட்டும் தனியாக நம்பி உட்காராதீர்கள். 2020-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளை, 10,565 பேர் பங்குபெற்றவற்றை, ஒன்றாக வைத்துப் பரிசீலித்தது. ஏஏ வழியில் முறையாக ஈடுபடுத்தப்பட்டவர்கள், தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் மற்றச் சிகிச்சைகளைப் பெற்றவர்களைவிட மேம்பட்ட பலன் கண்டார்கள் என்று அது முடிவு கூறியது. அங்கே சோதிக்கப்பட்டது கூட்டமும், படிகளும், வழிகாட்டியும் சேர்ந்த முழு ஏற்பாடு. வீட்டு மூலையில் ஒருவர் தனியாகச் சொன்ன பிரார்த்தனையை அந்தப் பரிசீலனை அளந்து பார்க்கவில்லை. எனவே பஜனைக்குப் போன அதே அந்தி நேரத்தில் ஏஏ கூட்டத்துக்குப் போங்கள். மதுரையில் தமிழிலேயே கூட்டங்கள் நடக்கின்றன. கட்டணம் கிடையாது, குடியை நிறுத்தவேண்டும் என்ற விருப்பத்தைத் தவிர வேறு தகுதியும் கேட்பதில்லை. மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரைகளையும், பிரார்த்தனை பலித்துவிட்டது என்று எண்ணி நீங்களாக நிறுத்திவிடக் கூடாது.

கேள்வி: எங்கள் குடும்பம் இரண்டு தலைமுறையாகக் கடவுள் மறுப்புக் குடும்பம். குடியை நிறுத்தி ஐந்து மாதம் ஆகிறது. கூட்டத்துக்குப் போனால் கடவுள், பிரார்த்தனை என்று பேசுகிறார்கள். எழுந்து வந்துவிடலாம் போலிருக்கிறது. நம்பாத ஒன்றை வணங்குவதுபோல நடிக்கவேண்டுமா?
- ஒரு வாசகர், ஆரப்பாளையம், மதுரை

பதில்: நடிக்கவேண்டாம். குடிக்கும் காலத்தில் வீட்டிலும் வேலையிடத்திலும் போதுமான அளவு நடித்திருப்பீர்கள். மீண்டு வரும்போதும் அதையே தொடர்வது நல்லதன்று. பன்னிரண்டு படிகளை எழுதியவர்களே இந்தச் சிக்கலைச் சந்தித்தார்கள். தொடக்கக் காலக் குழுவில் நம்பிக்கையற்றவர்களும் இருந்ததால்தான் ‘நாம் புரிந்துகொண்ட விதத்தில் கடவுள்’ என்ற சொற்கள் அந்தப் படிகளில் இடம்பெற்றன. கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதர்களின் ஒட்டுமொத்த அனுபவத்தையே தங்களைவிடப் பெரிய ஆற்றலாக எடுத்துக்கொண்டு பல ஆண்டுகள் குடிக்காமல் இருப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். தனியே ஆயிரம் முறை முயன்றும் முடியாத ஒன்று, பத்துப் பேர் நடுவில் முடிகிறது என்பதை ஒப்புக்கொள்ள எந்தப் பகுத்தறிவாளரும் தயங்கவேண்டியதில்லை.

பிரார்த்தனை சொல்லப்படும் அரை நிமிடம் அமைதியாக நில்லுங்கள். காலையில் வேண்டுதலுக்குப் பதிலாக, ‘இன்று நான் குடிக்கப்போவதில்லை, மாலை ஏழு மணிக்குச் சிக்கல் வரலாம், வந்தால் இன்னாரை அழைப்பேன்’ என்று எழுதிவையுங்கள். இரவுக் கணக்கு உங்களுக்கும் அப்படியே பொருந்தும். தன் நடத்தையைத் தானே ஆராய்வதற்குச் சமயம் எதுவும் தேவையில்லை. மேலே திருமங்கலம் வாசகருக்குச் சொன்னதில் பெரும்பகுதி சாமிபடம் இல்லாமலும் நடக்கும் என்பதைக் கவனித்திருப்பீர்கள். இவற்றுக்குப் பிறகும் கூட்டத்தின் மொழி ஒத்துவரவில்லை என்றால், மனநல மருத்துவரின் மேற்பார்வையில் அறிவுசார் நடத்தைச் சிகிச்சை, அதாவது குடிக்கத் தூண்டும் எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசிக் கண்டறிந்து மாற்றும் சிகிச்சை, பெறுவது நன்கு சோதிக்கப்பட்ட இன்னொரு வழியாகும். ஆனால் ஐந்தாவது மாதத்தில் கொள்கையைக் காரணம் காட்டி எழுந்து வரத் தோன்றுகிறதே, அந்த எண்ணம் கொள்கையிலிருந்துதான் வருகிறதா என்று ஓர் இரவு நோட்டில் எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: என் கணவர் பதினைந்து ஆண்டுகளாகக் குடிக்கிறார். கோயிலுக்கு அழைத்துப்போய்க் கயிறு கட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று மாமியார் சொல்கிறார். போன முறை கயிறு கட்டிய மூன்றாம் நாள் இரவு, சுவரில் பூச்சி ஊர்கிறது, யாரோ கூப்பிடுகிறார்கள் என்று கத்தினார். சாமி குற்றம் என்று கோடங்கியிடம் கூட்டிப்போனோம். இப்போது சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கும் மருந்து ஒன்றைத் தெரிந்தவர் வாங்கிக் கொடுத்திருக்கிறார். நான் தினமும் விளக்கேற்றி வேண்டுவதைத் தவிர வேறு என்ன செய்யமுடியும்?
- ஒரு வாசகி, உசிலம்பட்டி அருகே ஒரு கிராமம்

பதில்: முதலில் அந்த மருந்தை எடுத்து ஒதுக்கி வையுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத பொடிகளும் இப்படி விற்கப்படுகின்றன. குடியை நிறுத்துவதற்காக மருத்துவர்கள் தரும் டைசல்ஃபிராம் என்ற மாத்திரையையும் பொடித்துக் கொடுக்கிறார்கள். டைசல்ஃபிராம் உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தியும் படபடப்பும் வந்து, இரத்த அழுத்தம் சரிந்து, உயிரே போகக்கூடும். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அந்த விளைவு உடலில் தங்கும். அது நோயாளிக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, மருத்துவர் பரிசோதித்துத் தரவேண்டிய மருந்து. தெரியாமல் கொடுப்பது ஆபத்து என்பதோடு, உண்மை வெளிப்படும் நாளில் உங்கள் கைச் சோற்றையே அவர் சந்தேகிக்கும் நிலையும் வரும்.

அடுத்து, மூன்றாம் நாள் இரவு நடந்தது சாமி குற்றம் அன்று. பல ஆண்டுகள் அன்றாடம் குடித்த உடல், குடி திடீரென நின்றவுடன் தடுமாறுகிறது. நிறுத்திய 6 மணி முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாள்களுக்குள் நடுக்கமும், குழப்பமும், இல்லாத உருவமும் ஓசையும் தோன்றுவதும் ஏற்படலாம். கவனிக்காமல் விட்டால் இந்த நிலையில் மரணமும் நேரும். ஆகவே கயிறு கட்ட நாள் குறிக்குமுன் மருத்துவரைப் பாருங்கள். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை தருகிறார்கள். எங்கே போவதென்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி-மானஸ் எண் 14416-ஐ அழைத்துத் தமிழிலேயே கேட்கலாம். உடல் தெளிந்த பிறகு மாமியார் விருப்பப்படி கயிறு கட்டுவதில் எனக்கு மறுப்பில்லை. கையில் கயிறு இருந்தால் ஊற்றிக்கொடுக்கும் கூட்டாளி தயங்குவான் என்பது இந்தப் பக்கத்தில் எல்லோரும் அறிந்தது.

உங்கள் வேண்டுதலைப் பற்றி ஒரு வார்த்தை. ‘அவர் திருந்தவேண்டும்’ என்பதை மட்டுமே ஆண்டுக்கணக்கில் வேண்டுபவர்களுக்கு, அவர் குடித்து வரும் ஒவ்வோர் இரவும் தெய்வமும் கைவிட்டதுபோல ஆகிவிடுகிறது. விளக்கேற்றும்போது உங்களுக்காகவும் கேளுங்கள்: இன்று இரவு அவர் போதையில் இருக்கும்போது வாதம் செய்யாத பொறுமை, அவருடைய கடனுக்குப் பொய் சொல்லாத துணிவு, பிள்ளைகளைப் பத்திரமாக வைக்கும் வழி. அடிதடி வந்தால் பொறுமையைப் பற்றி யோசிக்காமல் பிள்ளைகளோடு வெளியேறிவிடுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181 இரவும் பகலும் இயங்குகிறது. குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்று 1951-இல் தொடங்கிய அல்-அனான் என்ற அமைப்பும் இருக்கிறது. குடிப்பவர் வராவிட்டாலும் வீட்டார் மட்டும் அதில் சேரலாம்.

கேள்வி: எட்டு மாதம் குடிக்காமல் இருந்து, போன வாரம் நண்பர் மகள் திருமணத்தில் தவறிவிட்டேன். அன்றிலிருந்து பூசையறைக்குள் நுழையவே கூசுகிறது. தீட்டுப்பட்டவன்போல் இருக்கிறேன். எத்தனை நாள் கழித்து மறுபடி தொடங்கலாம்?
- ஒரு வாசகர், மேலூர்

பதில்: இன்று இரவே தொடங்குங்கள். நீங்கள் தீட்டுக் காப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும் இந்த நாள்கள்தாம் மிகவும் ஆபத்தானவை. ‘எப்படியும் கெட்டுவிட்டது’ என்ற எண்ணமும் வெட்கமும் சேர்ந்துதான் ஒரு நாள் தவற்றை ஒரு மாதக் குடியாக மாற்றுகின்றன. குடிநோய் மீண்டும் தலைகாட்டும் இயல்புடையது. சர்க்கரை நோயாளி ஒருவருக்குச் சர்க்கரை ஏறிவிட்டால் அவர் கோயிலுக்குப் போகத் தகுதி இழந்துவிட்டதாக யாரும் சொல்வதில்லை.

பூசையறைக்குள் போய் உட்கார்ந்து, நடந்ததை வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு அதையே உயிருள்ள ஒரு மனிதரிடமும் சொல்லுங்கள். கூட்டத்தில் உங்கள் வழிகாட்டியாக இருப்பவரோ, ஆலோசகரோ, மனைவியோ யாராகவும் இருக்கலாம். தெய்வத்திடம் மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வது சில சமயம் மனிதரிடமிருந்து ஒளிந்துகொள்ளும் வழியாகவும் ஆகிவிடுகிறது. பிறகு திருமணத்துக்கு முந்தைய இரண்டு வாரங்களை நோட்டில் எழுதிப் பாருங்கள். கூட்டத்துக்குப் போவதும், காலை வேண்டுதலும், தூக்கமும் அதற்கு முன்பே குறையத் தொடங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். குடித்தது திருமண மண்டபத்தில் என்றாலும் சறுக்கல் தொடங்கிய நாள் வேறாக இருக்கும்.

கேள்வி: குடியை விட்டு இரண்டு மாதம் ஆகியும் தூக்கம் சரியாக வரவில்லை. தியானத்தில் உட்கார்ந்தால் மனம் அமைதியாவதற்குப் பதில் பழைய நினைவுகள் மொய்க்கின்றன. தியானத்தை நிறுத்திவிடலாமா?
- ஒரு வாசகர், ஒத்தக்கடை

பதில்: நீண்ட நாள் குடித்தவர்களுக்குத் தூக்கக் குலைவு சில மாதங்கள்கூட நீடிப்பதுண்டு. கண்மூடி நெடுநேரம் உட்காருவதை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். ஒரு தேவாரப் பதிகத்தையோ, ஜெபமாலையையோ, திக்ரையோ வாய்விட்டுச் சொல்வதும், விடியற்காலையில் நடந்தபடியே நாமம் சொல்வதும் கண்ணை மூடுவதைவிட எளிதாக இருக்கும். நினைவுகள் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமாக மாறினால் காத்திராமல் 14416-ஐ அழையுங்கள்.

கேள்வி: மாசி சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயிலில் பங்காளிகள் எல்லோரும் கூடுவோம். கருப்பசாமிக்குச் சாராயமும் சுருட்டும் படைப்போம். படைத்ததை ஆளுக்கு ஒரு வாய் கொடுப்பார்கள். நான் குடியை விட்டு ஓர் ஆண்டு ஆகப்போகிறது. வாங்காவிட்டால் சாமி கோபித்துக்கொள்ளும் என்று பெரியப்பா சொல்கிறார். ஒரு வாய் பிரசாதமாகக் குடித்தால் தவறா?
- ஒரு வாசகர், சோழவந்தான்

பதில்: குடிக்கவேண்டாம். எந்தப் பெயரில் உள்ளே போனாலும் சாராயம் சாராயமாகவே வேலை செய்யும்; ஒரு வாயில் நிறுத்த முடிந்திருந்தால் நீங்கள் குடியை விடவேண்டிய தேவையே வந்திருக்காது. சாமி கோபித்துக்கொள்ளும் என்பதற்கும் ஆதாரம் உங்கள் கோயிலிலேயே இல்லை. அதே படையலுக்கு வரும் உங்கள் வீட்டுப் பெண்களும் குழந்தைகளும், அந்த ஆண்டு பழனிக்கு மாலை போட்டிருக்கும் பங்காளியும் அந்தச் சாராயத்தைக் குடிப்பதில்லை. அவர்களில் யாரையும் கருப்பசாமி தண்டித்ததாகப் பெரியப்பாவும் சொல்லமாட்டார். திருநீறு வாங்கிக்கொள்ளலாம், கிடாய்க் கறி சாப்பிடலாம், பொங்கல் பானைக்கு விறகு தள்ளலாம். தெய்வத்தோடு உள்ள உறவு அறுந்துபோகாது.

அந்த இரவை எப்படிக் கழிப்பது என்பதை முன்கூட்டியே முடிவுசெய்துகொள்ளுங்கள். குடிக்காத ஒருவரைத் துணையாக அழைத்துப்போங்கள். கையில் எப்போதும் சோடாவோ மோரோ இருக்கட்டும். பங்காளிகள் தனியே ஒதுங்கத் தொடங்கும் நேரத்தில் சாமி முன்னால் வந்து உட்கார்ந்துவிடுங்கள். குடிக்கத் தோன்றும் வேகம் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். அந்த அரை மணி நேரத்துக்குத்தான் நாள்தோறும் சொல்லிப் பழகிய வேண்டுதல் தேவைப்படுகிறது. தணியவில்லை என்றால் விடிய விடிய இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை, கும்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுங்கள். பூசாரியிடம் ஒரு வாரம் முன்னதாகவே போய், ‘எனக்குத் திருநீறு மட்டும் கொடுங்கள்’ என்று தனியாகச் சொல்லிவையுங்கள். கூட்டத்தின் நடுவே தீர்த்தம் நீட்டப்பட்ட பிறகு மறுப்பதைவிட அது எளிது. பெரியப்பாவிடமும் அதே நாளில் பேசிவிடலாம். பூசாரி ஒப்புக்கொண்ட பிறகு அவர் அதிகம் வற்புறுத்தமாட்டார்.